ஒரு இழை ஆசாரி செய்த நாற்காலி

கல்யாணத்துக்குச் சொன்ன கட்டில் பிள்ளையின் காதுகுத்துக்கு வந்து இறங்கினால், திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் செய்தது யார் என்று கேட்கவே வேண்டாம். ஒரு இழை ஆசாரிதான். சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். வேலை எப்போது முடியும் என்று யார் கேட்டாலும் "இன்னும் ஒரு இழைதாங்க" என்பார். அந்த ஒரு இழைக்குள் ஒரு போகம் விளைந்து அறுப்பும் முடிந்துவிடும்.

அவரிடம் மரம் சீவும் இழைப்புளிகள் பத்தொன்பது இருந்தன. பள்ளம் எடுக்க ஒன்று, விளிம்பை உருட்ட ஒன்று, இரண்டு மரம் சேரும் மூட்டின் மூலைக்குள் நுழைய விரல் அகலத்தில் ஒன்று. ஆணியும் பசையும் ஆகவே ஆகாது. கதவில் தெரிந்த இடுக்கை மக்கு வைத்து அடைத்துவிடலாமே என்று ஒரு பேங்க் மானேஜர் சொல்லப்போக, மாட்டிய கதவையே ஆசாரி கழற்றித் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஒன்பது நாள் வாசலில் வேட்டியைத் தொங்கவிட்டுக் குடித்தனம் நடத்தினார் மானேஜர். துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும், தான் செய்த பெஞ்சாக இருந்தால் இரண்டு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆசாரி முகத்தைத் தொங்கப்போடுவார்.

ஐப்பசி முதல் மார்கழி வரை மட்டும் மூட்டு வேலைக்குக் கை வைக்க மாட்டார். மழை ஈரத்தில் மரம் உப்பிப் பெருக்கும். அப்போது பொருத்தினால் வெயிலில் ஆடும். கலெக்டரே கேட்டாலும் தை பிறந்த அப்புறம்தான்.

அப்படி ஒரு ஐப்பசிக் கடைசியில்தான் என் அப்பாவுக்குப் படுத்தால் மூச்சு முட்டத் தொடங்கியது. உட்கார்ந்தேதான் தூங்க வேண்டும். முதுகோ கூன். கடையில் வாங்கிய இரண்டு நாற்காலியிலும் ஒரு பக்கமாகச் சரிந்து சரிந்து விழுந்தார். ஆசாரியிடம் போய் நின்றேன். தை பிறக்கட்டும் என்றார். தை தாண்டுவதே கஷ்டம் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். வெளியே கொட்டுகிற மழையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அளவுகோலை எடுத்துக்கொண்டு, எனக்கு முன்னால் சைக்கிளில் எங்கள் வீட்டுக்குப் போய்விட்டார்.

எட்டாம் நாளே பூவரசு நாற்காலி வந்துவிட்டது. ஊரே நம்பவில்லை. முதுகுப்பலகையின் மூட்டை இறுக்கி முடிக்காமல், தட்டினால் கழன்றுவிடும்படி ஓர் ஆப்பை மட்டும் செருகியிருந்தார். அப்பா சாய்ந்தார். பத்து நிமிஷத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்.

அதன்பின் வாரம் ஒருமுறை ஆசாரி தானாகவே வந்தார். அப்பாவைக் கட்டிலில் உட்காரவைக்கச் சொல்லிவிட்டு ஆப்பைத் தட்டி எடுப்பார். விரல் அகல இழைப்புளியால் மூட்டின் முன்பக்கத்தை மெல்லச் சீவுவார். திரும்பப் பொருத்தினால் பலகை அரை நூல் அளவு முன்னால் வந்து அப்பாவின் முதுகைத் தாங்கிக்கொள்ளும். கேட்டால், மழைக்கு மரம் பெருக்கிவிட்டது என்பார்.

மழை விட்டது. தை பிறந்தது. வயலெல்லாம் அறுப்பு மிஷின் ஓடியது. அந்த வெயிலிலும் வந்து, அதையேதான் சொன்னார்.

ஒருநாள் அப்பா கேட்டுவிட்டார். "ஏன் ஆசாரி, மரம் பெருக்குதா, நான் சுருங்குறேனா?"

ஆசாரி தலையைத் தூக்கவில்லை. "மரந்தாங்கய்யா. பூவரசுக்கு அதான் குணம். உங்களுக்கென்ன, கல்லாட்டம் இருக்கீங்க."

"கல்லுக்கு எதுக்குய்யா வாரா வாரம் நாற்காலிய சீவுற?"

அப்பா சிரித்தார், சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமாயிற்று. அதுவரை ஆசாரி, சீவி முடித்த மூட்டையே வெறுமனே தடவிக்கொண்டிருந்தார்.

தை கடைசி வெள்ளிக்கிழமை காலை, நாற்காலியில் சாய்ந்தபடியே அப்பா போய்விட்டார். உடம்பு ஒரு பக்கமும் சரியவில்லை.

எதற்கும் தேதி போட்டு எழுதி வைப்பது என் வழக்கம். ஆசாரி வந்த பதினொரு நாளும் டைரியில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரே, வந்த காரணம் "மரம் பெருக்கியது". தை வெயிலில் எந்த மரமும் பெருக்காது என்பது எனக்கும் தெரியும். தவறாக எழுதிய எதையும் அடித்துத் திருத்தாமல் விட்டதில்லை. இதை மட்டும் அவர் சொன்னபடியே வைத்திருக்கிறேன்.