சேஃப்டி அக்காவும் பதினோராம் நம்பர் ஷூவும்

துபாயில் திருட்டுப் பயமே கிடையாது என்று யாராவது பெருமை பேசினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இங்கே வந்த ஆறு வருடத்தில் என் கைப்பை ஒன்பது முறை திருடு போயிருக்கிறது. ஒன்பது முறையும் திருடியவர் ஒரே ஆள். ஒவ்வொரு முறையும் பையைத் திருப்பிக் கொடுத்து, கூடவே அரைமணி நேரம் திட்டவும் செய்தார். அவர்தான் எங்கள் சேஃப்டி அக்கா.

ஜெபல் அலியில் எங்கள் கம்பெனிக்கு ஒரு குடோன் உண்டு. பிஸ்கட், பருப்பு பாக்கெட் போடும் மெஷின்களை ஐரோப்பாவிலிருந்து இறக்கி விற்கிறோம். குடோனின் ஸ்டோர் அக்காவின் ராஜ்யம். ஹெல்மெட், கையுறை, சேஃப்டி ஷூ எதுவும் அவர் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது. ஊர் தூத்துக்குடி, வயது ஐம்பதுக்கு மேல். சொந்தப் பெயர் அவருடைய லேபர் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

மதியம் கேன்டீனில் கூட்டம் அலைமோதும். இங்கே எல்லோரும் செய்வதைப்போல நானும் பையை மேஜையில் வைத்து இடம் பிடித்துவிட்டு வரிசையில் போய் நிற்பேன். மால்களில் லேப்டாப்பை வைத்து இடம் பிடிப்பவர்கள்கூட உண்டு. யாரும் தொட மாட்டார்கள். ஆனால் நான் தட்டோடு திரும்பினால் பை இருக்காது. மூன்று மேஜை தள்ளி அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாக மீன் முள் எடுத்துக்கொண்டிருப்பார்.

“ஏளா, பை எங்க?”

“இங்கதானுங்க்கா வெச்சேன்...”

“வெச்சேன்னு சொல்லத்தான் தெரியுது. இந்த ஊரு உங்க எல்லாரையும் கெடுத்து வச்சிருக்கு. நாளைக்கு வேற ஊருக்குப் போனா என்ன செய்வ? ஏம் பை எங்கன்னு மேசைகிட்ட கேப்பியா?”

ஒருமுறை கம்பெனி பஸ்ஸில், அக்கவுன்ட்ஸில் வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் பெண்ணின் ஜீன்ஸ் பாக்கெட்டிலிருந்து போனை உருவிவிட்டார். அவள் போட்ட கூச்சலில் டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டினார். நாற்பது பேர் சீட்டுக்கடியில் தவழ்ந்து தேடினார்கள். கடைசியில் அக்கா போனை எடுத்து நீட்டி, “டுடே யூ லேர்ன்” என்றார். அந்தப் பெண் அதன்பிறகு ஒரு மாதம் அக்கா ஏறும் வாசல் வழியாக ஏறவே இல்லை.

அக்காவிடம் நான் முழுசாக மாட்டியது போன டிசம்பரில். ஸ்லோவேனியா நாட்டில் மாரிபோர் என்று ஒரு சின்ன நகரம். அங்கே ஃபேக்டரியில் புது மெஷினுக்கு இரண்டு வாரம் டிரெய்னிங். அந்த மெஷினைப் பற்றிக் கம்பெனியில் அதிகம் தெரிந்தவள் நான்தான். ஆனால் மேனேஜர் தயங்கினார்.

“உன் வேலைல குறையே இல்லம்மா. ஆனா லேடீஸ் தனியா... முன்னாடி ஒருத்தங்கள அனுப்பிட்டு நாங்க பட்ட பாடு இருக்கே! அதோட அந்தப் பேச்சையே விட்டுட்டோம்.”

மூன்று நாள் அவர் மேஜை முன்னால் நின்று வாதாடினேன். நான்காம் நாள் இறங்கி வந்தார்.

“சரி, போய்ட்டு வா. ஆனா அங்கேருந்து ஒரு கம்ப்ளெயின்ட், ஒரு ஃபோன் வந்துச்சுன்னாலும் இந்தக் கம்பெனில லேடீஸ் டிராவல் கலாஸ், அதோட முடிஞ்சுது. அப்புறம் யாரும் வந்து எங்கிட்ட நிக்கக் கூடாது.”

விஷயம் கேள்விப்பட்ட அக்கா என்னை வாழ்த்தவில்லை. ஸ்டோருக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். கழுத்தில் ஒரு விசில் மாட்டினார். கதவுக்கு அடியில் செருக, தச்சரிடம் சொல்லிச் செய்து வைத்திருந்த மர ஆப்பு ஒன்றைக் கொடுத்தார். பாஸ்போர்ட்டுக்கு உள்ளாடையோடு சேர்த்துக் கட்டும் பை ஒன்றைத் தானே தைத்திருந்தார். அதையும் கட்டி, மேலே கோட்டும் போட்டால் எனக்கு எட்டு மாதம் என்று யாரும் எழுந்து இடம் கொடுப்பார்கள். கடைசியாக ஒரு ஜோடி சேஃப்டி ஷூ. பதினோராம் நம்பர். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பெஷாவர்க்காரர் போட்டுத் தேய்த்தது.

“ரூம் வாசல்ல எப்பவும் இத விட்டு வையி. உள்ள ஆம்பள இருக்கான்னு எவனும் கிட்ட வரமாட்டான்.”

“எனக்குக் கல்யாணமே ஆகலீங்க்கா.”

“அது அங்க எவனுக்குத் தெரியும்? ஆயிட்டுன்னு சொல்லு. ஆறரை அடி ஆளுன்னு சொல்லு.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. ஷூவின் கயிற்றை இழுத்துக் கட்டியபடியே சொன்னார்.

“மேனேஜர் சொன்னாருல்லா, முன்னாடி ஒருத்தின்னு. அது நாந்தாம்ளா.”

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அக்கா ஆபீஸில் பர்ச்சேஸ் பார்த்தவர். பெண்களில் அவரைத்தான் முதன்முதலாக வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். ஐரோப்பாவில் ஏதோ ஒரு ரயில் நிலையத்தில், பையை மேஜையில் வைத்து இடம் பிடித்துவிட்டு காபி வாங்கப் போயிருக்கிறார். திரும்பினால் மேஜைதான் இருந்தது. பாஸ்போர்ட் இல்லாமல் மூன்று நாள் எம்பஸி வாசலில். திரும்பி வந்தபோது யாரும் திட்டவில்லை. பேசாமல் ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள்.

“எம் பை போனது போகட்டும். எனக்குப் பொறவு ஒரு பிள்ளையக்கூட அனுப்பலியே. அதுதான் எனக்கு இன்னும் ஆறல.”

நான் மறுபேச்சில்லாமல் ஷூவை எடுத்துக்கொண்டேன்.

மாரிபோரில் இறங்கியதும் எனக்கே வெட்கமாகப் போயிற்று. அவ்வளவு சாதுவான ஊர். வண்டியே வராத ரோட்டில்கூடப் பச்சை விளக்குக்காகக் காத்து நிற்கிறார்கள். நான் தங்கிய விடுதியை நடத்துபவர் அறுபது வயது விதவை. அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் அக்கா தங்கை மாதிரி. பனிக்காலம் என்பதால் என்னைத் தவிர வேறு ஆளில்லை. இருந்தாலும் சொன்ன சொல் மாறாமல் ஷூவை வாசலில் வைத்தேன்; கதவுக்கு ஆப்பும் அடித்தேன்.

காலையில் சாப்பாட்டு மேஜையில் இரண்டு தட்டு இருந்தது.

“ஹஸ்பெண்ட்?” என்றார் விடுதியம்மா.

“ஸ்லீப்பிங்” என்றேன்.

“பாவம்” என்கிற மாதிரி தலையாட்டிவிட்டு, இரண்டாவது தட்டை டிரேயில் வைத்துக் கொடுத்தார். மாடிக்குக் கொண்டுபோய் அதையும் நானே தின்றேன். மறுநாள் கணவருக்குத் தலைவலி. அதற்கு அடுத்த நாள் போன் பேசிக்கொண்டிருந்தார். நாலு நாளில் கோட்டின் பட்டனைப் போட முடியவில்லை.

ஆனால் விடுதியம்மா கணக்குப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். வெளியே இத்தனை பனி, அந்த ஷூ ஒருநாள்கூட நனையவில்லை. பெண் விடியுமுன்னே வேலைக்கு ஓடுகிறாள், அவனுக்குச் சாப்பாட்டை மாடிக்குச் சுமக்கிறாள். கதவு சத்தம் கேட்டாலே திடுக்கிடுகிறாள். ஆறாம் நாள் காலை என் எதிரில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவன் உன்னை அடிக்கிறானா?” என்று மெல்லக் கேட்டார்.

“நோ, நோ” என்று வேகமாகத் தலையாட்டினேன். அவர் விடவில்லை. தங்கை மகள் போலீஸில் இருக்கிறாளாம், இப்போதே கூப்பிடுகிறாராம், ஃபேக்டரிக்கும் சொல்லிவிடுகிறாராம். கையில் போனை எடுத்தும் விட்டார்.

ஃபேக்டரிக்குத் தெரிந்தால் ஜெபல் அலிக்கு போன் போகும். மேனேஜர் சொன்ன அந்த ஒரு போன். இன்னும் ஒன்பது வருடம் ஒருத்தியும் போக முடியாது. அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார், அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

“மாஃபி! மாஃபி ஹஸ்பெண்ட்!” என்று அலறினேன். ‘இல்லை’ என்று சொல்ல அவசரத்தில் அரபிதான் வந்தது. அதைக் கேட்டு அவருக்கு இரக்கம் இன்னும் கூடிப்போயிற்று.

வேறு வழியில்லாமல் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப் போனேன். வரும்போதே இரும்பு வாணலி ஒன்றைத் தூக்கிக்கொண்டார். அறைக் கதவைத் திறந்தேன், அலமாரியைத் திறந்தேன், கட்டிலுக்கடியில் குனிந்து காட்டினேன். கடைசியில் ஷூவுக்குள் இரண்டு காலையும் விட்டு நடந்தும் காட்டினேன். விடுதியம்மா வாணலியோடு கட்டிலில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

பிறகு என்னைச் சமையலறையின் பின்வாசலுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு பெரிய நாய்த்தட்டும் சங்கிலியும் கிடந்தன.

“நாய் எங்கே?”

“நாய் கிடையாது” என்றார். கணவர் இறந்ததிலிருந்து அந்தத் தட்டு அங்கேதான் இருக்கிறதாம். தினமும் தண்ணீர் மாற்றுவாராம்.

மறுநாளும் மேஜையில் இரண்டு தட்டு இருந்தது. இரண்டாவது தட்டின் முன்னால் அவரே உட்கார்ந்து சாப்பிட்டார்.

போன் எதுவும் போகவில்லை. டிரெய்னிங்கை ஒழுங்காக முடித்துத் திரும்பினேன். மேனேஜர் ஃபேக்டரியிலிருந்து வந்த ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தார்.

“அடுத்த பேட்ச்சுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் தெரிஞ்ச ஆளு வேணுமாம். யாரைப் போடலாம்?”

“ஸ்டோர்ல அக்கா இருக்காங்களே சார்.”

ரிப்போர்ட்டை மூடி வைத்தார். அப்புறம் அவரே எழுந்து, வெயிலில் நடந்து, குடோனுக்குப் போனார். அக்கா கையுறைகளை எண்ணுவதை நிறுத்தாமலே, “யோசிச்சுச் சொல்லுதேன் சார்” என்றாராம். அன்று சாயங்காலம் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஏளா, நான் போயிருவேன்லா?”

ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன மனுஷி என்னிடம் கேட்கிறார். “போயிருவீங்க்கா” என்றேன்.

இன்று அதிகாலை கிளம்பிவிட்டார். விமானம் எப்போதோ இறங்கியிருக்கும். அங்கிருந்து மாரிபோருக்கு பஸ். துபாயில் வாட்ஸ்அப் காலுக்குத் தடை, வாய்ஸ் மெசேஜ்தான் அனுப்ப முடியும். நாலு அனுப்பிவிட்டேன். மேனேஜர் இரண்டு தடவை என் சீட்டுக்கே வந்து, “ரீச் ஆயிட்டாங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார். பிலிப்பைன்ஸ் பெண்ணும் கேட்டாள். கேன்டீனில் வாங்கிய சாப்பாடு எதிரில் ஆறிக்கொண்டிருக்கிறது. அக்காவுக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும், “வந்து சேந்துட்டேன்ளா” என்று அந்தக் குரல் வருகிறவரை எனக்குச் சோறு இறங்காது.