கண்ணாடிக்காரர் கார் எடுக்கிறார்

"முடிவு பண்ணிட்டேன். அந்தச் சிவப்புக் காரையே எடுத்துடலாம்" என்று கண்ணாடிக்காரர் அறிவித்தபோது அவர் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை ஒரு நொடி நின்றது. பிறகு மடிப்பு தொடர்ந்தது.

"ரொம்ப நல்லதுங்க. அடக்கமா, அழகா இருக்கு. எதுக்கும் என் தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன். நாளைக்கு அவன் குறை சொல்லக் கூடாது பாருங்க."

இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்க்கும் என்று கண்ணாடிக்காரர் பூரித்துப்போனார். புருஷன் கார் வாங்குகிறேன் என்றால் முதல் வார்த்தையே அபசகுனமாகப் பேசும் பெண்கள் நிறைந்த உலகம் இது.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவர். எந்த முகம் உள்ளே நுழைந்தாலும், "உங்களுக்கு வட்டம் சரிப்படாது, இந்தச் சதுரம் போடுங்க" என்று உட்காருவதற்குள் சொல்லிவிடுவார். தனக்கென்று வந்தால்தான் கதை வேறு. படுக்கையறைக்கு ஒரு மின்விசிறி தேர்ந்தெடுக்க ஒரு கோடைக்காலம் முழுவதும் எடுத்துக்கொண்டார். விசிறி வந்து சேர்ந்தபோது போர்வை தேவைப்பட்டது.

ஓட்டுநர் உரிமம் சமீபத்தில்தான் கிடைத்தது. டிரைவிங் மாஸ்டர் தலைகீழாக நின்று சொல்லிக்கொடுத்தும் நாலு தடவை தேர்வில் தோற்றார். நாலாவது தோல்விக்குப் பிறகு சரியாகச் சாப்பிடாமல், யாரோடும் பேசாமல், சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். ஐந்தாவது தடவை தேறியதும் அந்த அட்டையைத் தினம் ஒருமுறை லென்ஸ் துடைக்கும் துணியால் துடைத்து வைத்தார்.

அவர் ஆசை ஒன்றும் பெரிதில்லை. குடும்பத்தோடு எங்கே போனாலும் மைத்துனன் கார்தான். பின்சீட்டில் நடுவில் இவர், இரண்டு பக்கமும் ஆள், மடியில் எல்லோருடைய பையும். ஒரே ஒரு தடவை தான் வண்டி ஓட்ட, மைத்துனன் அந்த நடுச்சீட்டில் பையோடு உட்கார வேண்டும். அதற்குப் பிறகு உயிர் போனால்கூடக் கவலையில்லை.

அந்த மைத்துனனிடமே யோசனை கேட்கப் போனார்.

"சின்ன வண்டி நல்லதுதான் மாமா. ஆனா இவ்ளோ சின்னதா?" என்றான் மைத்துனன். "லாரிக்காரன் உக்காந்திருக்குற உயரத்துக்கு நீங்க இருக்குறதே தெரியாது. ஏத்தி இறக்கிட்டு, ஏதோ வேகத்தடைன்னு நினைச்சுக்கிட்டுப் போயிடுவான்."

அன்று இரவு முழுவதும் கண்ணாடிக்காரர் வேகத்தடையாகவே படுத்திருந்தார். காலையில் பெரிய காராகப் பார்க்கலாம் என்றார்.

"அதான் சரி" என்றாள் மனைவி. "நம்ம பார்க்கிங்ல நுழையுமான்னு மட்டும் மாடிவீட்டு எஞ்சினியரைக் கேட்டுடுங்க."

மாடிவீட்டு எஞ்சினியர் ஓய்வு பெற்று வேலையில்லாமல் தவித்துக்கொண்டிருந்தவர். கேட்ட மாத்திரத்தில் அளவு நாடாவோடு இறங்கி வந்தார். இரண்டு தூண்களுக்கு நடுவே குனிந்தார், நிமிர்ந்தார், பெருமூச்சு விட்டார்.

"நுழையும். தாராளமா நுழையும்."

"அப்பாடா."

"கதவுதான் திறக்காது."

"அப்போ நான் எப்படி சார் இறங்குறது?"

"டிக்கி இருக்கே."

எஞ்சினியர் விளையாட்டுக்குச் சொல்லும் ஆள் இல்லை. கண்ணாடிக்காரரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் ஆள் இல்லை. மறுநாளே ஷோரூமுக்குப் போய் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். விற்பனையாளர் ஸ்டீயரிங்கின் அருமை பெருமைகளைச் சொல்ல ஆரம்பித்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. டிக்கியைத் திறந்து வைங்க" என்றார் கண்ணாடிக்காரர்.

திறந்து வைத்தார்கள். கண்ணாடிக்காரர் முன்சீட்டிலிருந்து பின்சீட்டுக்குத் தாவி, அதன் முதுகை மடக்கி, தவழ்ந்து, தலையையும் ஒரு கையையும் வெளியே நீட்டினார். அதற்குமேல் வர மறுத்தது வயிறு. ஒரு கையை விற்பனையாளர் இழுக்க, தோளைக் காவலாளி இழுக்க, சட்டைப் பொத்தான்கள் விடைபெற்றுக்கொண்டு போயின. வெளியே வந்து விழுந்தவரிடம் விற்பனையாளர் பயிற்சியில் கற்றுக்கொண்டதை மறக்காமல் கேட்டார்.

"வண்டி பிடிச்சிருக்கா சார்?"

வீட்டுக்கு வந்தவரின் முழங்கைக்கு மனைவி மருந்து போட்டாள். அனுதாபத்தோடு, "நம்ம பொண்ணு காலேஜ்ல நாலு விஷயம் தெரிஞ்சுக்கிறவ. அவளையும் கேளுங்களேன்" என்றாள்.

மகள் கைப்பேசியிலிருந்து தலையை எடுக்காமலே தீர்ப்புச் சொன்னாள். "கியர், கிளட்ச்செல்லாம் உங்களுக்கு எதுக்குப்பா? இடது காலை அசைச்சா உங்களுக்கு வலது கை மறந்துடுது. ஆட்டோமேட்டிக் எடுங்க."

விசாரித்ததில், கையிலிருந்த சேமிப்புக்குப் பாதி ஆட்டோமேட்டிக் கார் வரும் என்று தெரிந்தது. எந்தப் பாதி என்பதை மட்டும்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

"உங்க அக்காகிட்ட நிறத்தைப் பத்திக் கேக்கலையே. சொல்லாம வாங்கினா காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்க" என்று மனைவி தானே போனில் எண்ணை அழுத்திக் கொடுத்தாள்.

அக்கா வெளுத்து வாங்கினாள். "வெள்ளை எடுக்காதடா, அழுக்காகும். கறுப்பு எடுத்தா உள்ள வெந்துடுவே. சாம்பல் மழையில தெரியாது. சிவப்பு எடுத்தா போலீஸ்காரன் கண்ணுல முதல்ல நீதான் படுவே."

"வேற என்ன நிறம்தான்க்கா எடுக்குறது?"

"அதை நான் எப்படிடா சொல்றது? ஓட்டப் போறது நீ."

கண்ணாடிக்காரர் எல்லோருடைய யோசனைகளையும் ஒன்றுசேர்த்து, வேறொரு ஷோரூமில் போய் ஒப்பித்தார். வெளியே சின்னதாக, உள்ளே பெரிதாக இருக்க வேண்டும். கதவு பக்கவாட்டில் நகர வேண்டும். கியர் கூடாது. எந்த நிறமும் கூடாது. அங்கிருந்த மேலாளர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க கேக்குறது கார் இல்ல சார். லிஃப்ட்."

பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். கண்ணாடிக்காரருக்கு அவமானமாக இருந்தது. கடைக்கு வந்து வெகுநேரம் வாடிக்கையாளர் நாற்காலியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடுச்சீட்டுதான் தலையில் எழுதியிருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து ஒரு பெண்மணி வந்து இரண்டு ஃபிரேம்களைக் கையில் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரரைக் கேட்டுட்டு வரட்டுமா?"

"யாரையும் கேக்காதீங்கம்மா" என்று எரிந்து விழுந்தார் கண்ணாடிக்காரர். "கண்ணு உங்களுது. முதல்ல எதைக் கையில எடுத்தீங்களோ அதையே போட்டுக்கோங்க."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது தன் காதில் விழுந்தது. மறுபடி யோசித்தார். நியாயமாகத்தான் இருந்தது. பாதி நாளிலேயே கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து பணத்தை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"சிவப்புக் கார்தான். இப்பவே போறேன்."

"கொஞ்சம் இருங்க. என் சித்தப்பா ஒருத்தர் பழைய வண்டி விஷயத்துல..."

"வேண்டாம்."

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை மனைவி கேட்டதே இல்லை. எங்கே புறப்பட்டாலும் நிதானமாகக் கிளம்புகிறவள், தலைகூட வாராமல் அவர் பின்னாலேயே ஓடிவந்தாள். புருஷன் மேல் அவ்வளவு பெருமை என்று கண்ணாடிக்காரர் நினைத்துக்கொண்டார். வழியெல்லாம் அவள் யாருக்கோ போன் செய்து பார்த்தாள். ஒருவரும் எடுக்கவில்லை.

பழைய கார் விற்கும் இடத்தில் அந்தச் சிவப்புக் கார் ஓரமாக, தலையில் பறவை எச்சத்தோடு நின்றுகொண்டிருந்தது. கண்ணாடிக்காரர் பேரம்கூடப் பேசவில்லை. முன்பணத்தைக் கொடுத்துவிட்டுச் சாவியை வாங்கினார். கதவைத் திறந்து, இடமும் வலமும் ஆள் இல்லாமல், மடியில் பை இல்லாமல் தாராளமாக உட்கார்ந்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் உண்மையாகவே கண் கலங்கியது.

அப்போது வாசலில், மேலே பலகை வைத்த ஒரு பழைய வண்டி வந்து நின்றது. பயிற்சிப் பள்ளியின் தேய்ந்த வண்டியைத் தள்ளிவிட வந்திருந்த டிரைவிங் மாஸ்டர் அதிலிருந்து இறங்கினார். கண்ணாடிக்காரரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன சார், நீங்க இங்க?"

"கார் எடுத்துட்டேன் மாஸ்டர்" என்றார் கண்ணாடிக்காரர், குரல் தழுதழுக்க. "எல்லாம் நீங்க போட்ட பிச்சை."

மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு நின்ற மனைவியின் பக்கம் மெல்லத் திரும்பினார்.

"என்னம்மா இது, இவரு ஜென்மத்துக்கும் ஒரு காரை முடிவு பண்ண மாட்டாரு, அதை நான் பாத்துக்கறேன்னு நீங்க சத்தியம் பண்ணதாலதானேம்மா, நான் அந்த அதிகாரி கால்ல விழுந்து இவருக்கு லைசென்ஸ் வாங்கிக் குடுத்தேன்?"