பதினேழாம் பீப்பாயும் பன்னிரண்டு முட்டைகளும்

மெதோக்,
ஏப்ரல் 9

பெருமதிப்புக்குரிய மச்சான் தியோடூல் அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் தங்கை கிஸ்லேனும் சௌக்கியம். எங்கள் ஷாதோ கர்தெலூஸ் திராட்சைத் தோட்டத்தின் தொண்ணூறு பீப்பாய் ஒயினும் பரம சௌக்கியம். பர்கண்டியில் நீங்களும், நீங்கள் ஒயின் என்று சொல்லிக்கொண்டிருப்பதும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதவும்.

கிறிஸ்துமஸ் விருந்தில் பத்துப் பேர் முன்னிலையில், "உங்க ஊர் ஒயினைக் குடிச்சா நாக்கு செருப்புத் தோலாயிடுது மாப்பிள்ளை" என்றீர்களே, அதற்குப் பதில் இந்தக் கடிதம். தயவுசெய்து உட்கார்ந்து படிக்கவும்.

ஜனவரியில் எங்கள் முதலாளியம்மா மதாம் தெ வெர்னுசாக் நிலவறைக்கு வந்து, "ஆன்செல்ம், ஒயின் தெளியறதுக்கு இனிமே முட்டை உடைக்க வேணாம், பொடி வந்திருக்கு" என்றார். முப்பத்தொரு வருடமாக அந்த நிலவறையை ஆள்பவன் நான். சும்மா இருக்க முடியுமா? "நாலு தலைமுறையா பீப்பாய்க்கு ஆறு முட்டையோட வெள்ளைக்கரு, மதாம். லண்டன் வியாபாரி வந்து ஒரு குறை சொல்லட்டும், நிலவறைச் சாவியை உங்க மேசையில வெச்சுட்டுப் போயிடறேன்" என்று சொல்லிவிட்டேன். மறுநாளே முட்டை உடைத்து வெள்ளைக்கருவை ஊற்ற ஆரம்பித்தேன். முடிந்த பீப்பாய்மேல் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுவது வழக்கம். கோடெல்லாம் கற்றுக்குட்டிகளுக்கு, எனக்கெதற்கு என்று போடாமல் விட்டேன். அந்த நேரம் பார்த்து உங்கள் தங்கை கரண்டியோடு வந்து நின்றாள். "ஏங்க, மிஞ்சின நூறு மஞ்சக்கருவையும் கனெலே கேக்காச் சுட்டு ஊருக்கே குடுத்தாச்சு, என் தலையைக் கண்டாலே பாதிரியார் தெரு மாறிப் போறார். மிச்சத்தை உங்க தலையில தேய்க்கவா?" என்றாள். உங்கள் குடும்பத்து நாக்கு உங்களுக்குத் தெரியாததா? அவளுக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பி வேலையை முடித்தால், தொண்ணூறாவது பீப்பாய் நிற்கிறது, முட்டை தீர்ந்துவிட்டது. ஆக, ஏதோ ஒரு பீப்பாய்க்குள் பன்னிரண்டு போயிருக்கிறது. ஆறு முட்டை ஓடிப் போய் வாங்கி ஊற்றினேன். இரண்டு மாதம் தூக்கமில்லை. மார்ச்சில் ஒவ்வொன்றாக ருசி பார்த்துக் கண்டுபிடித்தேன்: பதினேழு. இரட்டிப்பு வெள்ளைக்கருவில் துவர்ப்பு முறுக்கெல்லாம் போய், நல்ல பிள்ளையாய்ப் படுத்திருந்தது.

நேற்று லண்டன்காரர் பிளென்கின்சாப் வந்தார். பதினேழுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன். எட்டுப் பீப்பாய் ருசி பார்த்தார், எட்டையும் துப்பினார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க மறைச்சிட்டு நிக்கறீங்களே, அதுலேருந்து குடுங்க. நல்லதைத்தான் ஒளிச்சு வைப்பாங்க" என்றார். மதாம் என்னைப் பார்த்தார். சாவி என் பையில் கனத்தது. பதினேழிலிருந்து ஒரு கோப்பை எடுத்துக் கொடுத்தேன். அவர் வாயில் வைத்தார், கண்ணை மூடினார். துப்பவில்லை மச்சான், விழுங்கிவிட்டார். இன்னொரு தடவை கேட்டு அதையும் விழுங்கினார். அங்கேயே நின்று வருகையேட்டில் எழுதினார். மதாம் என் கையைப் பிடித்து, "பொடிப் பேச்சே இனி கிடையாது ஆன்செல்ம்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. செருப்புத் தோல் என்றவர் இப்போது என்ன சொல்வார்?

உங்களுக்கும் வீட்டாருக்கும் எல்லா நலமும் உண்டாகட்டும். உங்கள் திராட்சைக்கும் கொஞ்சம் வெயில் கிடைக்கட்டும்.

என்றும் தலை நிமிர்ந்த மைத்துனன்,
ஆன்செல்ம் லாபர்த்

பி.கு.: லண்டன்காரர் ஏட்டில் எழுதியதை இன்று காலைதான் மதாம் வாசித்துக் காட்டினார். "அருமை. பர்கண்டி ஒயின் என்றே நினைத்தேன்." அடுத்த வருடம் தொண்ணூறு பீப்பாய்க்கும் பன்னிரண்டு முட்டை என்று உத்தரவு. ஆயிரத்து எண்பது மஞ்சக்கரு என்று கணக்குச் சொன்னதும் உங்கள் தங்கை பெட்டி கட்டிவிட்டாள். வியாழக்கிழமை ரயிலில் அங்கே வருகிறாள், கனெலேக் கூடையோடு. ஏட்டில் இருந்ததை அவளே உங்களிடம் சொல்லிவிடுவாள் என்பதால் முந்திக்கொண்டேன். சிரித்து முடித்ததும் அவளைத் திருப்பி அனுப்பவும்.