கடைத்தெருவுக்கு வைத்த பொட்டு

மதிப்பும் பிரியமும் உள்ள அமுதவல்லி சித்திக்கு, ரஞ்சிதா எழுதுவது. இங்கே அம்மா சுகம். மீமிசலில் நீங்களும் சித்தப்பாவும் அவருடைய ஐஸ் வண்டியும் நலமாக ஓட வேண்டிக்கொள்கிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன். நீங்கள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். இது சித்தப்பா கேட்கிற சங்கதி இல்லை.

நீங்கள் சொல்லி வாங்கிக் கொடுத்த ஃபேன்சி ஸ்டோர் வேலை நல்ல வேலைதான். ஓனர் உதயசூரியன் அண்ணன் ஒரு குறையும் வைப்பதில்லை. ஆனால் காலையில் திறந்தால் இருட்டித்தான் கடை அடைக்கிறோம், அதுவரை பெண்கள் போய்வர இந்தத் தெருவில் ஓர் இடம் கிடையாது. ஆண்களுக்கு எல்லாச் சுவரும் உண்டு. நான் தண்ணீர் குடிக்காமலே இருந்து நீர்க்கடுப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் நர்சம்மா நிறையக் குடி என்றார், குடித்தால் எங்கே போவது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இன்னொரு தரம் வலித்தால் வேலையை விட்டுவிடு என்று அம்மா சொல்லிவிட்டாள். விட்டால் அடுத்த பேச்சு மாப்பிள்ளைதான், உங்களுக்குத் தெரியும்.

இந்த நேரத்தில்தான் கடைத்தெருவைப் புதுசாக்கப் போகிறோம் என்று பேரூராட்சி ஆட்கள் வந்தார்கள். சித்தன்னவாசல் பார்க்கப் போகிற கார்கள் நம்ம தெருவில் நிற்காமல் போகின்றனவாம், நிற்க வைக்கணுமாம். சனங்களுக்கு எது வேணும் என்று கேட்க அவர்களோடு திருச்சியிலிருந்து வந்த திலகவதி அக்கா மரம், பெஞ்சு, லைட்டு, கார் நிறுத்துமிடம், கழிப்பறை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் போட்ட தட்டியைத் தெருவோரம் வரிசையாக வைத்தார். எது வேணுமோ அந்தப் படத்துல வட்ட ஸ்டிக்கர் ஒட்டணும். ஸ்டிக்கரைப் பள்ளிக்கூடப் பிள்ளைங்க கன்னத்துல ஒட்டிக்கிட்டுப் போயிட்டதால சீக்கிரமே தீர்ந்துபோச்சு. அக்கா எங்க கடைக்கு ஓடிவந்து ஸ்டிக்கர் பொட்டா அள்ளிக்கிட்டு, எடுத்துக் கொடுக்க என்னையும் கூட்டிக்கிட்டாங்க. அதுதான் வினை சித்தி. கையில பொட்டு வந்தா நம்ம சனத்துக்குக் கை நிக்குமா? மரத்துப் படத்து மூலையில நம்ம தெருப் பிள்ளையாரையும் வரைஞ்சிருந்தாங்க, முதல் பொட்டு அவருக்கு. பெஞ்சுல உக்காந்திருந்த படத்துப் பொம்பளைக்கு வெறும் நெத்தி, பாவம்னு அவளுக்கு ஒண்ணு. ஆம்பளைங்க பொட்டைத் தொடமாட்டேன்னு பொண்டாட்டி கையில கொடுத்துட்டு, எங்க ஒட்டணும்னு தூரத்துல நின்னு கையைக் காட்டினாங்க.

கழிப்பறைத் தட்டி நின்னது இருளாண்டி மாமா டீக்கடைக்கு நேர் எதிரே. பூ விக்கிற பிச்சையம்மாள் அக்கா பொட்டோட அங்கிட்டுப் போனாங்க. மாமா டீயை ஆத்திக்கிட்டே, “என்ன பிச்சையம்மா, அவசரமோ?”ன்னாரு. டீக்கடைப் பெஞ்சு முழுக்கச் சிரிச்சுச்சு. அக்கா அப்படியே திரும்பிக் கார் நிறுத்துமிடத்துல ஒட்டிட்டு வந்துட்டாங்க. அவங்களுக்கு சைக்கிள்கூடக் கிடையாது. அதுக்கப்புறம் வந்த பொம்பளைங்க அத்தனை பேரும் காருக்குத்தான் பொட்டு வச்சாங்க.

திலகவதி அக்கா எண்ணிப் பார்த்துட்டு, “பொம்பளைங்களே வேணாம்னுட்டாங்களே ரஞ்சிதா. இதைத் தூக்கிர வேண்டியதுதான்”னாங்க. “வெயில்ல பொட்டுப் பசை இளகுதுக்கா, இதை மட்டும் எங்க கடைக்குள்ள வச்சுக்கிறேன்”னு வாயில வந்த பொய்யைச் சொல்லித் தட்டியை இழுத்துக்கிட்டு வந்து வளையல் ஸ்டாண்டுக்குப் பின்னாடி சாத்திட்டேன். இளகுறதுக்கு அதுல ஒரு பொட்டுகூட இல்லையேன்னு அவங்களுக்கு அப்பத் தோணலை. ஹேர்பின் வாங்க வந்தவங்க, ரிப்பன் விலை கேட்க வந்தவங்க, ஒண்ணும் கேட்காம வந்தவங்கன்னு சாயங்காலம் வரைக்கும் கூட்டம். பிச்சையம்மாள் அக்கா நெத்தியில இருந்ததையே எடுத்து ஒட்டினாங்க. கடைசியில படமே தெரியலை. அப்புறம் தெருவைக் கூட்டிவச்சு, கழிப்பறைதான் முதல்னு திலகவதி அக்கா வாசிச்சப்ப டீக்கடைப் பெஞ்சு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டுச்சு. எப்படின்னு இன்னும் அவங்களுக்கு விளங்கலை.

ஆகவே சித்தி, என் கவலை தீர்ந்தது. வேலையை விடமாட்டேன் என்று அம்மாவுக்கும் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சித்தப்பாவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் எப்போதும் நல்ல சேதியே வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
ரஞ்சிதா

பி.கு: கவரை ஒட்டும்போது திலகவதி அக்கா வந்தார். கழிப்பறைக்குப் பூட்டு உண்டாம். முதலில் திறந்து கடைசியில் அடைக்கிற கடை என்று சாவியை இருளாண்டி மாமாவிடம் கொடுக்க முடிவாம். அந்தப் பெஞ்சுக்கு முன்னால் போய்ச் சாவி கேட்பதற்கு, தெருப் பெண்கள் எல்லோரும் மறுபடி கார் நிறுத்துமிடமே போதும் என்கிறார்கள். கவலை தீர்ந்தது என்று மேலே எழுதியதை அடித்துவிட்டு வாசியுங்கள். சாவி எங்க கடையில இருக்கட்டும்னு நாளைக்கு நான்தான் டீக்கடை முன்னாடி போய்ச் சொல்லணும், வேற ஆள் இல்லை. வீட்டுல யாரும் இல்லாதப்ப கழிப்பறைங்கிற வார்த்தையைச் சத்தமா ரெண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். வாசல்ல கட்டிக்கிடந்த ஆடு மட்டும் திரும்பிப் பார்த்துச்சு. சிரிக்கலை.