காபனுக்குப் பூசிய கிறீஸ்

அரைகுறையாகப் படித்தவன், ஒன்றுமே படிக்காதவனை விட ஆபத்தானவன். இதைப் புங்குடுதீவுப் பாலத்தின் நடுவில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றபோதுதான் அறிந்துகொண்டேன்.

எழுபதுகளில் புதுக் காரும் வராது, உதிரிப்பாகமும் கிடைக்காது. பழசைத் திருத்தத் தெரிந்தவன்தான் ராசா. நான் மோட்டர் திருத்தும் படிப்பில் பாதியைத் தாண்டியிருந்தேன். (அந்தப் பாதியை நம்பித்தான் வேலணையில் எனக்குப் பெண் கேட்டார்கள்.) பெண்ணின் பெயர் மலர். தகப்பன் தெற்கே காலி நகரில் கடை வைத்திருந்து ஊர் திரும்பியவர். சாதகம் பொருந்திவிட்டது. நயினாதீவு அம்மனிடம் பூக்கட்டிப் பார்த்து, வெள்ளைப் பூ வந்தால் கலியாணம்.

கோயிலுக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் மலரின் தகப்பனுடைய பழைய காரின் கிளச்சை மிதித்துப் பார்த்தேன். கீச்சென்று கத்தியது. விடுவேனா?

"உது திரஸ்ட் பெயாரிங் ஐயா" என்று தொடங்கினேன். தண்டின் நீளவாக்கில் அமுக்கம் வரும் இடமெல்லாம் அது வேண்டும். முன் சில்லில் கூம்பு உருளை, எஞ்சினுக்குள் பிறை வடிவத் தகடு, கிளச்சில் இரும்புக் குண்டுகள்... அவர் கொட்டாவி விட்டார். யன்னலுக்குப் பின்னால் மலர் நின்றதால் என்னால் நிறுத்த முடியவில்லை. எட்டிப் பார்க்க வழியில்லாத துவாரத்தால் கையை விட்டு, ஒரு பிடி கிறீஸை அப்பினேன். சத்தம் நின்றது.

"கெட்டிக்காரன்!" என்றார்.

மறுநாள் நான்தான் சாரதி. பக்கத்தில் அவர், பின்னால் தாயும் மலரும். பாலத்தின் பாதியில் எஞ்சின் பெரிதாகக் கத்தியது. கார் மட்டும் போகவில்லை.

"தம்பி, என்ன எரியிற மணம்?"

அப்போதுதான் வகுப்பில் அரைத் தூக்கத்தில் கேட்டது நினைவுக்கு வந்தது. சில பழைய கார்களின் கிளச்சில் குண்டு இருக்காது, காபன் என்ற கரி வளையம்தான். அதற்குக் கிறீஸ் ஆகாது. பூசினால் தெறித்துக் கிளச்சுத் தட்டில் பட்டு வழுக்கும்.

பட்டுச் சேலைகளும் சேர்ந்து தள்ளின. நாங்கள் போய்ச் சேருமுன் நயினாதீவு வள்ளம் போய்விட்டது.

"அம்பாளே வேண்டாமெண்டு சொல்லிப்போட்டா" என்று தாய் அழத் தொடங்கினார். மலர் முதல்முறையாக என்னோடு பேசினாள்.

"என்ன செய்தனீங்கள்?"

"கிறீஸ் போட்டனான். போடக் கூடாது."

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அம்மா, உது சகுனமில்லை, கிறீஸ். அம்பாளை ஏன் இழுக்கிறியள்? வாற வெள்ளி பஸ்ஸில போவம்."

போனோம். வெள்ளைப் பூ வந்தது.

இன்றைக்கும் ஏதாவது கதவு கீச்சிட்டு, நான் எண்ணெய்ப் போத்தலோடு எழும்பினால் போதும். குசினியிலிருந்து மலரின் குரல் வரும்: "உள்ளுக்கை என்ன இருக்கெண்டு பாத்தனீங்களே?" பிள்ளைகளும் சேர்ந்து கேட்பார்கள். நான் போத்தலை வைத்துவிடுவேன். எங்கள் வீட்டில் எல்லாக் கதவுகளும் கத்துகின்றன.