நூற்றுப் பன்னிரண்டு படங்களும் ஒரு திரைச்சீலையும்

எனக்கு மெஷின்களில் பயமில்லை. தையல் மெஷினைக் கழற்றி, எண்ணெய் விட்டு, நானே திரும்பப் பூட்டுவேன். கேள்வி கேட்கிற மனிதர்களில்தான் பயம். யாராவது என்னிடம் எதையாவது கேட்டால், விளங்கினாலும் விளங்காவிட்டாலும் வாயில் முதலில் வருவது, ஆமாம் என்று பொருள்படும் "ஓம்" என்ற சொல்தான். (கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டபோதும் இப்படித்தான் சொன்னேன். நல்ல மனிதர் வாய்த்தது அல்லாஹ்வின் கிருபை.) என் தங்கை சிபானாவின் கல்யாணப் படங்கள் பட்ட பாட்டுக்கும் இந்த ஓம்தான் காரணம்.

யுத்தம் முடிந்து அடுத்த வருடம் அந்தக் கல்யாணம் நடந்தது. அதற்கென்றே கட்டாரிலிருந்து என் கணவர் ஒரு டிஜிட்டல் கமரா அனுப்பியிருந்தார். கமரா என் பெயருக்கு வந்ததால், அதை இயக்கத் தெரிந்தவளும் நானே என்று வீட்டில் முடிவாகிவிட்டது. ஆண்கள் பக்கம் ஸ்டூடியோக்காரர் எடுப்பார். பெண்கள் பக்கம் அவர் வர முடியாது. அந்தப் பக்கம் என் பொறுப்பு. கல்முனைக்குத் தெற்கே எங்கள் ஊரில் அப்போதெல்லாம் படம் என்றாலே பெண்கள் பின்னறைக்குள் ஓடிவிடுவார்கள். அவர்களை உம்மாதான் வாக்குக் கொடுத்து நிறுத்தினார்.

"என்ட மகள்தான் எடுக்கிறா. ஒரு படமும் கடைக்குப் போகாது, ஒரு ஆம்புளட கண்ணிலயும் படாது. நான் பொறுப்பு" என்றார்.

அந்தப் பொறுப்பை நம்பி மாப்பிள்ளையின் உம்மாகூட வந்து நின்றார். அடையாள அட்டைக்குப் படம் எடுக்கவே மூன்று மாதம் யோசித்த மனுசி அவர்.

உம்மாவுக்குச் சொந்தமாகவும் ஒரு காரணம் இருந்தது. சுனாமியில் கடல் வந்த அன்று எங்கள் வீட்டோடு எல்லா அல்பமும் போய்விட்டது. கட்டில், அலுமாரி, நெல்லு மூட்டை எதைப் பற்றியும் உம்மா பிறகு கதைத்ததில்லை. "எங்கட முகம் ஒண்டும் மிச்சமில்ல" என்று மட்டும் எப்போதாவது சொல்வார். கல்யாணத்தன்று சிபானாவின் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, சேலையைச் சரிசெய்து, என்னைப் பார்த்தார்.

"இது நல்லா விழோணும், புள்ள."

"ஓம் உம்மா" என்றேன்.

மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு படங்கள். கமராவின் பின்பக்கம் தீப்பெட்டி அளவில் ஒரு திரை இருந்தது. அதில் பார்த்தால் பற்றரி முடிந்து படங்கள் அழிந்துவிடும் என்று யாரோ சொன்னதால், நான் ஒருவரையும் பார்க்க விடவில்லை. நானும் பார்க்கவில்லை. கம்பியூட்டரில் ஏற்றி, வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் உம்மாவையும் கூப்பிட்டு, எல்லோருமாகப் பெரிதாகப் பார்ப்பது என்று ஏற்பாடு.

கம்பியூட்டர் எங்கள் தம்பியுடையது. அவன் கொழும்பில் கெம்பசில் படித்துக்கொண்டிருந்தான். போன் எடுத்துக் கேட்டேன். "வயரக் கொழுவு ராத்தா, தானா வரும்" என்று வைத்துவிட்டான். கொழுவினேன். வரவில்லை. கழற்றித் துடைத்துக் கொழுவினேன். பிஸ்மி சொல்லிக் கொழுவினேன். கம்பியூட்டரை அணைத்து, காலையில் அது நல்ல மனநிலையில் இருக்கும்போது கொழுவிப் பார்த்தேன். இப்படியே வியாழக்கிழமை ஆகிவிட்டது.

கல்முனை பஸாரில் குணம் அண்ணன் கம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருந்தார். வாப்பாவின் பழைய சினேகிதர். பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோனால் ஐந்து நிமிட வேலை. ஆனால் உம்மாவின் வாக்கு இருக்கிறதே! வாப்பா அவரை வீட்டுக்கே கூட்டி வந்தார். விசயத்தைக் கேட்டதும் குணம் அண்ணன் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை.

"அதுக்கென்ன, நான் விறாந்தையில இருந்தே சொல்லுறன். தங்கச்சி உள்ளுக்க இருந்து செய்யட்டும்" என்றார்.

விறாந்தைக்கும் முன்னறைக்கும் நடுவே திரைச்சீலை. அந்தப் பக்கம் குணம் அண்ணன். இந்தப் பக்கம் கம்பியூட்டர், நான், என்னைச் சுற்றி உம்மா, சிபானா, அயல்வீட்டுப் பெண்கள். அந்நிய ஆணிடம் சத்தம் போட்டுக் கதைக்க எனக்கு நா எழவில்லை. அதனால் நான் சாச்சியின் காதில் சொல்வேன், சாச்சி வெளியே சொல்வார். உம்மாவின் தங்கையான சாச்சிக்கு, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் "இல்லை" என்று சொல்வது பெரிய மரியாதைக் குறைவு.

"தங்கச்சி, வயர்ட ரெண்டு தொங்கலும் கொழுவியிருக்கா?"

ஒரு முனை கம்பியூட்டரில் இருந்தது. மற்றதைச் செருகும் இடத்தில், கமராவில் ஒரு இறப்பர் மூடி. திறந்தால் பிய்ந்துவிடும் என்று பயந்து, வயரை அதன்மேல் சாய்த்து வைத்திருந்தேன். தொட்டுக்கொண்டுதானே இருக்கிறது என்று எண்ணி, "ஓம்" என்றேன் காதுக்குள்.

"நல்லா இறுக்கிக் கொழுவியிருக்காம்!" என்றார் சாச்சி.

"கமரா ஓனா?"

கமரா ஓப். பற்றரியை மிச்சம் பிடிக்கத்தான். "ஓம்."

"விடியத்திலிருந்தே ஓன்ல கிடக்காம்!"

"பச்சை லைட் எரியுதா?"

"ஓம்."

"சும்மா பளிச்செண்டு எரியுதாம்!"

குணம் அண்ணன் யோசித்தார். கம்பியூட்டரை அணைத்துப் போடச் சொன்னார். வயரைப் பின்பக்க ஓட்டைக்கு மாற்றச் சொன்னார். எதையோ கிளிக் பண்ணி அதற்குள் எதையோ பார்க்கச் சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் ஓம் சொன்னேன். இரண்டாவது கோப்பை பிளேன்டியும் குடித்து முடிந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"தங்கச்சி, வடிவாப் பாத்துச் சொல்லுங்க. கம்பியூட்டருக்குப் பக்கத்தில ஒரு யானை நிக்குதா?"

"ஓம்" என்றேன்.

"நிக்குதாம்!" என்றார் சாச்சி.

விறாந்தையில் வாப்பா சிரித்த சிரிப்பில் கதிரை முறிந்துவிடும் போலிருந்தது. குணம் அண்ணன் சிரிக்கவில்லை. "சரி, அப்ப முதல்ல இருந்து வருவம். தெரியாட்டி தெரியா எண்டு சொல்லுங்க தங்கச்சி, அதில வெக்கமில்ல" என்றார். முதல்முறையாக நானே வாய் திறந்து, "ஒரு இறப்பர் மூடி இரிக்கி... அதத் துறக்கலாமா?" என்று கேட்டேன்.

மூடியைத் திறந்து, வயரைச் செருகி, கமராவை ஓன் பண்ணியதும், எல்லாம் ஐந்து நிமிடத்தில் நடந்தது. திரையில் ஒரு பெட்டி வந்தது. முத்திரை அளவில் சின்னச் சின்னப் படங்கள் ஓடின. கண்ணாடி இல்லாத உம்மா எட்டி எட்டிப் பார்த்தார். "சாறியெல்லாம் நல்லா விழுந்திரிக்கி" என்றார் சாச்சி. நாளைக்கு எல்லோருமாகப் பெரிதாகப் பார்ப்போம் என்று உம்மா தடுத்துவிட்டார். நாங்கள் சந்தோசமாக உள்ளறைக்குள் போய்விட்டோம். வாப்பா குணம் அண்ணனை முன்னறைக்குக் கூப்பிட்டு, வட்டிலப்பம் வைத்து உபசரித்தார். பக்கத்துப் பள்ளிவாசலின் நிர்வாகி மரைக்காரும் எதற்கோ வந்து சேர்ந்துகொண்டார்.

கம்பியூட்டரை அணைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சும்மா கிடக்கும்போது அதிலுள்ள படங்களைத் தானாகவே ஒவ்வொன்றாகத் திரை முழுக்கக் காட்டும்படி தம்பி எப்போதோ செய்து வைத்திருந்ததும் எனக்குத் தெரியாது.

முன்னறையில் வாப்பா இருமினார். மறுபடி இருமினார். மூன்றாவது இருமலில் ஒரு கலக்கம் இருந்தது. நான் உள்ளறைத் திரைச்சீலை இடுக்கால் பார்த்தேன். திரையில் ஜரிகை மின்னியது. கல்யாண வீடு!

"சாச்சி! படம் ஓடுது!"

சாச்சி ஒரு விநாடி யோசித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையில் அகப்பட்டதைப் பிடுங்கிக்கொண்டு ஓடிப்போய்க் கம்பியூட்டரை மூடினார். அகப்பட்டது உள்ளறை வாசலின் திரைச்சீலை, கம்பியோடு. படங்கள் மறைந்தன. படங்களிலிருந்த நாங்கள் அத்தனை பேரும், முக்காடுகூட இல்லாமல், வாசலில் வரிசையாக நின்றுகொண்டிருந்தோம்.

மரைக்கார் கூரையைப் பார்த்து ஓதத் தொடங்கினார். குணம் அண்ணன் வட்டிலப்பத் தட்டோடு எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்.

"வாப்பா, எத்தின படம் பாத்த நீங்க?" என்று உள்ளே ஓடி ஒளிந்தபடி சிபானா அழுதாள்.

"பத்துப் பதினஞ்சு ஓடிச்சு மகள்" என்றார் வாப்பா. குரலில் கோபமில்லை, குழப்பம்தான் இருந்தது. "ஆனா ஆரையும் பாக்கல்ல. ஒருத்தருக்கும் தலையே இல்லையே."

ஆண்கள் போன பிறகு உட்கார்ந்து பார்த்தோம். வாப்பா சொன்னது சரி. பத்துப் படங்களில் கூரை, மூன்றில் என் பெருவிரல், மற்றதெல்லாம் கழுத்துக்குக் கீழே. ஒருவருடைய முகத்தை நேராகப் பார்க்க எனக்கு எப்போதும் கூச்சம். கமராவைப் பிடித்துக்கொண்டும் தரையைப் பார்த்தபடியேதான் பொத்தானை அமத்தியிருக்கிறேன். உம்மாவின் படம் அறுபத்தோராவது. மடியில் வைத்த இரண்டு கைகள், சேலை மடிப்பு, கதிரை. அதற்கு மேலே படம் முடிந்துவிட்டது.

உம்மா அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எழுந்து குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

மறுநாள் மாப்பிள்ளையின் உம்மா வந்து நூற்றுப் பன்னிரண்டையும் பார்த்தார். "மாஷா அல்லாஹ்! படமெண்டா இப்பிடித்தான் எடுக்கோணும். ஆர் பாத்தாலும் பாவமில்ல" என்று பாராட்டி, ஒன்றைச் சட்டம் போட்டுத் தரும்படியும் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். உம்மாவும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி.

அவர்கள் போனதும் உம்மா அதே கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். கதிரையை முற்றத்தில் போட்டு இருந்தார். சிபானாவையும் பக்கத்தில் நிறுத்தினார்.

"கமராவ எடு, புள்ள. நிலத்தில ஒண்டுமில்ல. என்ட முகத்தப் பாரு."

பார்த்தேன். என் உம்மாவை அவ்வளவு நேரம் நேராகப் பார்த்தது அன்றுதான். நெற்றியில் ஒரு சின்னத் தழும்பு இருந்தது, எனக்கு அதுவரை தெரியாது. அந்தப் படம் இன்றும் உம்மாவின் அலுமாரிக்குள், சேலைகளுக்கு நடுவே இருக்கிறது.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் எத்தனையோ கல்யாணங்கள் நடந்துவிட்டன. பெண்கள் பக்கம் இன்றும் நானே எடுக்கிறேன், இப்போது போனில். நான் கையை உயர்த்தியதும் சாச்சி தொடக்கம் புது மருமகள்கள் வரை அத்தனை பேரும் ஒரே நேரத்தில் முழங்காலை மடித்துக் குந்துவார்கள், தலை படத்துக்குள் விழ வேண்டுமென்று. காரணம் தெரியாத மாப்பிள்ளை வீட்டுப் பெண்களும் அது எங்கள் வழக்கம் என்று நினைத்துச் சேர்ந்து குந்துவார்கள்.

உம்மாவுக்கு இப்போது முழங்கால் வருத்தம், மடிக்க முடியாது. அவர் மட்டும் குந்துவதில்லை. நடுவில் நிமிர்ந்து நின்றுகொண்டு, நான் எப்போது தலையை உயர்த்துவேன் என்று பார்த்துக்கொண்டிருப்பார்.