இருபத்தஞ்சு மில்லிமீட்டர் ரோஷம்

"மைனி, செயின் தொங்குது."

இதைக் கொழுந்தன் ஹரீஷ்குமார் கொஞ்சம் வருத்தமாகச் சொல்லியிருந்தால் மேகலா தாங்கியிருப்பாள். பல்லெல்லாம் தெரியச் சொன்னான். கையில் ஹெல்மெட் வேறு. வண்டியை ஓட்டிக்கொண்டு போகவே கிளம்பி வந்திருக்கிறான், படுபாவி.

பாத்திரம் தேய்த்த கையோடு மேகலா வெளியே ஓடி வந்தாள். நாகம்மாவின் காம்பவுண்டில் வரிசையாக ஆறு வீடுகள். கேட்டை ஒட்டி, அவள் எப்போதும் நிறுத்தும் இடத்தில், சிவப்பாக நின்றது மோட்டார் சைக்கிள். வாங்கி ஐந்தே நாள். நம்பர் கூட இன்னும் வந்தபாடில்லை. முன்னால் பூசிய சந்தனம் காய்ந்து பாதி உதிர்ந்திருந்தது.

குனிந்து செயினை விரலால் தூக்கிப் பார்த்தாள். இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆடியது.

"நேத்து சிப்காட்லருந்து வர்றப்ப ஒரு சத்தம் இல்லையே. வழுக்கிட்டு வந்துச்சே!"

"அது நேத்து. பந்தயம் ஞாபகம் இருக்குல்லா மைனி?"

இல்லாமலா? போன ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை அவள் கையாலேயே வாங்கித் தின்றுகொண்டு, "பொம்பளையாளுக்குக் கியர் வண்டி எதுக்கு? ஸ்கூட்டி போதாதா? இத எனக்குக் குடுத்துருங்களேன்" என்றான் அவன். அவள் புருஷன் சிவராஜ் எலும்பைக் கடிப்பதிலேயே குறியாக இருந்தான். மேகலாவுக்கு வந்ததே கோபம். "ஒரு மாசம், ஒரு மெக்கானிக் கை படாம இந்த வண்டிய நானே பாத்துக்கறேன். முடியலன்னா நீயே எடுத்துட்டுப் போ!" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். அவள் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய முதல் வண்டி அது. கோபத்தில் சொன்னாலும் சொன்னது சொன்னதுதான்.

"முக்குல மெக்கானிக் இருக்கான். கூப்பிடட்டா?" என்றான் ஹரீஷ்.

"கூப்பிட்டுப் பாரு, ரெண்டு பேரையும் சேத்து வெளிய தள்ளிக் கேட்டச் சாத்தறேன். ரெண்டு மணி ஷிப்டுக்கு நான் இந்த வண்டியிலதான் போவேன். நீ வேணும்னா பஸ்ஸுல போ."

மேகலா சும்மா ஆளில்லை. உதிரிபாகக் கம்பெனியில் ஒன்பது வருஷமாகக் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அவள் கண்ணைத் தாண்டி ஒரு தப்பான பீஸ் வெளியே போனதில்லை. இதை அவளே தினமும் சொல்வாள்.

மெயின் ஸ்டாண்ட் போட்டாள். வண்டியோடு வந்த சின்னப் புத்தகத்தை விரித்தாள். செயின் இருபத்தஞ்சு மில்லிமீட்டர் ஆடலாம் என்று போட்டிருந்தது. பின்சக்கர நட்டைத் தளர்த்த வேண்டும், இரண்டு பக்கமும் இருக்கும் அட்ஜஸ்டரைச் சமமாகத் திருப்ப வேண்டும். அவ்வளவுதான்.

நட்டு அசையவில்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்றாள். அப்போதும் அசையவில்லை.

சத்தம் கேட்டு நாகம்மா வந்தாள். வீட்டுக்காரி. கன்னடமும் தமிழும் கலந்துதான் பேசுவாள். ஆத்திரம் வந்தால் தமிழ் காணாமல் போய்விடும்.

"கம்பெனி சலுகைன்னு ஆளுக்கொரு செவப்பு வண்டி வாங்கிட்டு வந்து காம்பவுண்டையே அடைச்சு வெச்சிட்டீங்க. காலைல தண்ணி லாரி உள்ள வரதுக்கு நானும் மூணாவது வீட்டுக் காத்தூனும் எல்லாத்தையும் தள்ளித் தள்ளி இடுப்பே போச்சு. இப்ப இது வேறயா?"

"நட்டு வரல நாகம்மாக்கா."

"பைப்பு போடு! எங்க வீட்டுக்காரரு டிராக்டருக்கு அப்டித்தான் பண்ணுவாரு" என்று பழைய இரும்புக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்து ஸ்பேனரில் மாட்டினாள். இருவரும் சேர்ந்து அமுக்கினார்கள். நட்டு சட்டென்று இளகியது. குழாய் எகிறிப் போய்க் குடத்தில் மோதியது. நாகம்மா மேகலாவின் மடியில் உட்கார்ந்தாள்.

மூன்றாவது வீட்டுக் கதவு திறந்து காத்தூன் எட்டிப் பார்த்தாள். "அல்லா! மெதுவா பண்ணுங்கம்மா. எம்புள்ள நைட் ஷிப்ட் முடிச்சு வந்து இப்பத்தான் கண்ணசந்தான்."

"சாரிக்கா!" என்று சொல்லிவிட்டு மேகலா கை துடைக்கத் துணி தேடினாள். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரு வண்டி மேல் பூப்போட்ட பெட்ஷீட் காய்ந்துகொண்டிருந்தது. அதன் முனையைப் பிடித்தாள்.

"அய்யய்யோ, அது ஈரம் காயலம்மா! கிரீஸ் கைய வெச்சிராத!" என்று காத்தூன் அலறினாள். மேகலா கையைச் சேலையிலேயே துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

அடுத்தது அட்ஜஸ்டர். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் திருப்பினால் சக்கரம் கோணாது என்று தோன்றியது. அங்கேதான் புத்தி கொஞ்சம் பிசகிவிட்டது.

"ஹரீஷு, சும்மாதான நிக்கற? இடது பக்கம் நீ திருப்பு. நாகம்மாக்கா ஸ்கேல் வெச்சுப் பாத்துட்டுச் சொல்லும், உடனே நிறுத்தணும்."

திருப்பினார்கள். ஸ்கேலைக் கண்ணுக்கு ஒட்ட வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த நாகம்மாவுக்குப் பரபரப்பில் தமிழ் போய்விட்டது.

"சாக்கு! சாக்கு!"

கன்னடம் புழங்கும் தளியில் பிறந்து வளர்ந்த மேகலா கையை எடுத்துவிட்டாள். கன்னடத்தில் அதற்குப் 'போதும்' என்று அர்த்தம். ஹரீஷோ திருநெல்வேலியிலிருந்து ஓசூருக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அவனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"யாரு? நானா சாக்குச் சொல்லுதேன்? மாங்கு மாங்குன்னு திருப்பிக்கிட்டுல்லா இருக்கேன்!"

"சாக்கு கணோ!"

"திரும்பவும் பாருங்க மைனி! என்னப் பாத்தா சாக்குச் சொல்லுத ஆளு மாதிரியா தெரியுது?" என்று ரோஷத்தில் இன்னும் நான்கு சுற்றுச் சுற்றினான்.

"நிறுத்துடா!" என்று மேகலா கத்துவதற்குள் சக்கரம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. செயின் துணிக்கொடி மாதிரி விறைத்து நின்றது. சக்கரத்தைச் சுற்றினால் சுற்றவில்லை.

இடது பக்கத்தைத் தளர்த்தி, டயரைக் காலால் ஓர் உதை விட்டாள். சக்கரம் நேரானது, ஆனால் செயின் பல்சக்கரத்தை விட்டே கழன்று தொப்பென்று மண்ணில் விழுந்தது.

ஹரீஷ் தலையில் ஹெல்மெட்டை மாட்டிப் பார்த்தான். "எனக்குச் சரியாத்தான் இருக்கு. மெக்கானிக்கக் கூட்டியாரவா மைனி?"

மேகலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அழுகை இல்லை, ஆத்திரம். ஆயிரம் பேர் வேலை செய்கிற இடத்தில் அவள் ஒரு பீஸை ரிஜெக்ட் செய்தால் மேனேஜரே வந்து கெஞ்சுவார். இந்தப் பொடிப்பயல் அவளைப் பார்த்து இளிக்கிறான்.

"ஹெல்மெட்டக் கழட்டு. யாரும் தொடாதீங்க. எல்லாரும் நாலடி தள்ளி நில்லுங்க!"

சேலையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். செயினைத் துடைத்து ஒவ்வொரு பல்லாக ஏற்றினாள். இந்தப் பக்கம் கால் சுற்று, எழுந்து போய் அந்தப் பக்கம் கால் சுற்று. இரண்டு பக்கக் கோடுகளும் ஒரே இடத்துக்கு வந்தன. சக்கரத்தைச் சுற்றி மூன்று இடத்தில் அளந்தாள். முப்பத்தொன்று. இன்னொரு கால் சுற்று. இருபத்தெட்டு. இன்னும் கொஞ்சம். பிறகு நாகம்மாவின் குழாயைப் போட்டு, தனியாகவே நட்டை இறுக்கினாள். அப்போது மணி ஒன்றாகியிருந்தது.

"ஹரீஷு, வா. நீயே அள."

அளந்தான். ஸ்கேலைத் திருப்பிப் போட்டும் அளந்தான்.

"எவ்ளோ?"

"இருபத்தஞ்சு" என்றான் வாய்க்குள்ளேயே.

"காத்தூன் அக்காவுக்குக் கேக்கல, சத்தமா!"

"இருபத்தஞ்சு மைனி!"

நாகம்மா கைதட்டினாள். மேகலா இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து நின்றாள். முகமெல்லாம் கிரீஸ். "இனிமே எவனாவது பொம்பளைக்கு எதுக்குக் கியர் வண்டின்னு கேட்டா, இந்த ஸ்கேலாலயே போடுவேன். என் வண்டிப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்கக் கூடாது, புரிஞ்சுதா?"

"சரி மைனி" என்றான். அவன் பல் ஒன்றுகூடத் தெரியவில்லை.

குளித்து, யூனிஃபார்ம் போட்டு, அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு மகாராணி மாதிரி வந்தாள். வண்டியில் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டாள்.

சாவி திரும்பவில்லை.

எடுத்துத் துடைத்துப் போட்டாள். அழுத்தினாள், ஊதினாள், திட்டினாள். திரும்பவில்லை.

ஹரீஷின் பல் மெல்ல வெளியே வந்தது. "என்ன மைனி, இப்ப நீங்க சாக்குத் தேடுதீங்களா?"

மூன்றாவது வீட்டுக் கதவு திறந்தது. லுங்கியோடு கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான் காத்தூனின் மகன் சாஹில். குனிந்து செயினைப் பார்த்தான், விரலால் தூக்கிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது. சுண்டுவிரலில் ஒரு சாவி ஆடிக்கொண்டிருந்தது.

"ரொம்ப தேங்க்ஸ்க்கா, ஷோரூம்ல எடுத்ததுலருந்தே என் வண்டிக்குச் செயின் தொங்கிட்டே கெடந்துச்சு, அப்படியே தொட்டிகிட்ட உங்க வண்டி மேல கெடக்குற எங்கம்மா பெட்ஷீட்டையும் மடிச்சுக் குடுத்துட்டுக் கெளம்புங்க."